ஐந்தாவது கியர்

சிவபாதத்தின் மொறிஸ் மைனர் கார் மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போனால் கத்தத் தொடங்கிவிடும். வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோருக்கு வேலைக்குப் போய்வர அது போதும். ஆனால் கல்யாணமாகி எட்டாம் மாதம், தாதியாக இருந்த அவன் மனைவி ஜெயந்தாவுக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்தது. மூன்று வருடத்துக்கு அங்கேதான் என்றார்கள்.

ஒருமுறை காரில் போய்ப் பார்த்தான். எஞ்சின் சூடாறுவதற்காக இரண்டு இடத்தில் மரநிழலில் நிறுத்தி, ஏழரை மணித்தியாலம். போய்ச் சேர்ந்தபோது ஜெயந்தா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரரிடம் சாவியை வாங்கி அறையைத் திறந்தான். அவள் குடித்துவிட்டு வைத்த தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தான். மறுநாள் அவளோடு இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுத் திரும்பினான்.

அந்தக் கிழமையே ஊர்காவற்றுறையில் கராஜ் வைத்திருக்கும் றொபின்சனிடம் காரைக் கொண்டுபோய் விட்டான். கொக்குவிலில் பழைய இரும்புக்கடை ஒன்றில் நிசான் காரொன்றின் ஐந்து கியர் பெட்டி கிடப்பதாக றொபின்சன் சொல்லியிருந்தார். மொறிஸுக்கு நாலு கியர்தான். ஐந்தாவதில் போட்டால் எஞ்சின் மெதுவாகச் சுற்ற, சில்லு வேகமாக ஓடும். ஆனால் மொறிஸ் எஞ்சினுக்கும் அந்தப் பெட்டிக்கும் ஆணித்துளை பொருந்தாது. நடுவே வைக்க லேத்தில் ஒரு இரும்புத் தட்டைக் கடைய வேண்டும், பின்சில்லுக்குப் போகிற தண்டைக் குறுக்க வேண்டும். கியர்க் கம்பு ஒரு சாண் பின்னால் வருமாதலால் காரின் தரையையும் வெட்ட வேண்டும்.

றொபின்சன் சோக்கட்டியால் தரையில் கோடு கீறிவிட்டு நிமிர்ந்தார்.

“வெட்டினாப் பிறகு பழையபடி ஒட்டேலாது தம்பி. அப்பான்ர கார். யோசிச்சனீரோ?”

“வெட்டுங்கோ அண்ணை.”

மூன்று கிழமை பஸ்ஸில் வேலைக்குப் போனான். பின்னேரங்களில் கராஜில் போய் நின்றான். முதல்தரம் பூட்டியபோது ரிவேர்ஸ் கியர் விழவில்லை. கம்பு தரையின் விளிம்பில் முட்டியது. பெட்டியை மறுபடி இறக்கி, கம்பைச் சூடாக்கி வளைத்தார்கள். தொலைபேசியில் ஜெயந்தா கேட்டபோது, காரில் சின்ன வேலை என்று மட்டும் சொன்னான். சரிவராமல் போனால் அவளும் சேர்ந்து ஏமாறுவாள் என்று பயம்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டு விடியப் புறப்பட்டான். ஆனையிறவு தாண்டியதும் ஐந்தாவதில் போட்டான். ஐம்பது மைலிலும் எஞ்சின் முனகியதே தவிரக் கத்தவில்லை. எங்கும் நிறுத்தாமல் பதினொரு மணிக்கு அவள் வாசலில் நின்றான்.

ஜெயந்தா ஈரத்தலையோடு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்கு டியூட்டி என்றாள். அப்படியே ஏறி உட்கார்ந்தாள்.

நிலாவெளி றோட்டால் போனார்கள். இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது வளைத்த கம்பு அவள் முழங்காலில் முட்டியது. அவள் காலை எடுக்கவில்லை. ஐந்தாவதில் ஓடத் தொடங்கியதும், இந்தக் காரில் இப்படிப் பேசிக்கொண்டு போனதே இல்லை என்று சிரித்தாள். முன்பெல்லாம் கத்தித்தான் பேசவேண்டும். ஆஸ்பத்திரிக் கதைகள் இரண்டு சொன்னாள். பிறகு தலையைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்து நித்திரையாகிவிட்டாள். விடிய விடிய வேலை செய்தவள் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

எழுப்ப மனம் வரவில்லை. கடற்கரையோரம் நிறுத்திவிட்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டேகாலுக்குத் தோளைத் தொட்டான்.

“ஏன் எழுப்பேல்லை? கதைக்கத்தானே வந்தனீங்கள்?”

“நீர் நித்திரை கொண்டதும் நல்லாத்தான் இருந்தது.”

அவள் அவன் கைமேல் கையை வைத்தாள். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். மறுநாள் காலையில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டான்.

திரும்பும் வழியெல்லாம் கார் அமைதியாக ஓடியது. முன்பு எஞ்சின் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சீற் வெறுமையாகக் கிடப்பது தெரிந்ததில்லை. இப்போது அதன் தளர்ந்த சுருள்வில் கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. மாங்குளத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது அவளுக்குப் போன் எடுத்தான். அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு டியூட்டி என்று கேட்டான்.