பக்கத்தில் நிற்பவளின் குரல்

பெபிஷா பாடினால் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடும். குழித்துறையில் அவர்கள் போகும் சபையில் எல்லாரும் பாடும் கீர்த்தனைதான். அவள் வாயில் மட்டும் ராகம் வேறாக இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மற்ற குரல்கள் ஏறும்போது இவள் இறங்குவாள். அவை நின்ற பிறகும் கொஞ்ச தூரம் தனியே நடந்துபோவாள். முன்பெஞ்சுக்காரர்கள் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா எலிசா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் ஞானையன் எலிசாவிடம் வந்தார்.

“எலிசா, பிள்ளைக்கு என்னவாக்கும்? சபை முழுக்க ஒரே பஸ்ஸுல போவும்போ இவ மட்டும் எறங்கி ஓடுதா.”

“பதினோரு வயசுதானே சார்.”

“அதுக்கு? குழுவுல பாடுத அஜிஷாக்கும் அதே வயசுதான். அவளுக்க பக்கத்துல நிறுத்து. அவ பாடுத மாதிரி பாடட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

எலிசா வீட்டில் முதலில் நயமாகச் சொன்னாள். பிறகு அழுதும் சொன்னாள். “எல்லாரையும் போல இருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சா போவும் மக்கா?” பெபிஷா அம்மாவின் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அஜிஷாவின் பக்கத்தில் நின்று பாடினாள். எலிசா காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள். மகளின் குரல் எங்குமே இல்லை. மேலே போகும்போது அஜிஷாவின் குரல் லேசாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்பு இரண்டு இடத்திலிருந்து வந்தது. நடுவில் அஜிஷா இருமினாள். அதே நொடியில், அதே இருமல், பக்கத்திலும்.

“கொள்ளாம்! இப்பம்தான் பிள்ளை வழிக்கு வந்திருக்கு,” என்றார் ஞானையன்.

பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த புகார்களும் நின்றன. வாசலில் சிரிப்பு கேட்டு, பள்ளித் தோழி சுஜி வந்திருக்கிறாள் என்று எலிசா எட்டிப் பார்ப்பாள். பெபிஷா மட்டும் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். சுஜி எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பாள்.

விடுமுறை வந்தது. கணவர் மஸ்கட்டில், வீட்டில் தாயும் மகளும்தான். மழை பெய்த ஒரு மத்தியானம், எலிசா மீனைக் கழுவிக்கொண்டே தனக்குள் முணுமுணுத்தாள். “இந்த மழை விடாது போல...” ஆற்றில் வெள்ளம் ஏறிவிடுமே என்று நினைத்தாள். சொல்லவில்லை.

“ஆத்துல வெள்ளம் ஏறிருமே,” என்றது முன்னறையில் எலிசாவின் குரல்.

ஈரக் கையோடு போய்ப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, எலிசா கவலைப்படும் விதத்திலேயே பெபிஷா ஜன்னலருகே நின்றாள். யாரும் திரும்பிப் பார்க்காத நிம்மதியைத்தானே கேட்டோம் என்று எலிசாவுக்குத் தோன்றியது. அது கிடைத்துவிட்டது. இந்த வீட்டில் இப்போது தன்னைத் தவிர யாரும் இல்லை.

அருகில் போய் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

“மக்கா, நீ தனியா ஒரு ராகத்துல பாடுவியே... அம்மைக்கு ஒருக்கா பாடு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ.”

பெபிஷா யோசித்தாள். நடிப்பு எதுவும் இல்லை; கேட்டதைச் செய்துகொடுக்கும் ஆசைதான் அந்த முகத்தில் இருந்தது.

“அது ஆரு பாடுனதும்மா?”

“நீதான் மக்கா. நீதான் பாடுன.”

“அவள எனக்க பக்கத்துல கொண்டு நிறுத்துங்க,” என்றாள் பெபிஷா, எலிசாவின் குரலில். “அவ பாடுத மாதிரியே பாடிருதேன்.”