மூன்று மடங்குச் சம்பளம்

“பேரெழுதி வெச்ச முட்டையக் கூடவா தின்னுவ? நீயெல்லாம் மனுஷனாய்யா?”

“ஒரு முட்டைக்கு ஊரக் கூட்டாத லோர்னா. விக்கிற வெலையில நான் எங்க போயி வாங்க?”

“எனக்கு மட்டும் கடைக்காரன் என்ன சித்தப்பனா?”

லோர்னாவும் டுவேனும் விவாகரத்தாகிப் பதினோரு மாதம். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தில் புருஷனை விட்டு விலகுவது சுலபம், வீட்டை விட்டு விலகுவதுதான் பெரும்பாடு. நீதிபதி அரை மணியில் பிரித்துவைத்தவர்களை வாடகை சேர்த்தே வைத்திருந்தது. படுக்கையறை அவளுக்கு, கூடத்துச் சோபா அவனுக்கு.

தனி வீடு ஒன்று கிடைத்தால் போதும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை. முதியோர் இல்லத்தில் நாளெல்லாம் துணி வெளுத்துவிட்டு, வீங்கிய காலோடு வீடு பார்க்கப் போவாள். போன இடமெல்லாம் ஒரே பல்லவி: சம்பளம் வாடகையைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். அவளுடையது இரண்டேகால் மடங்கு. விண்ணப்பத்துக்கு ஐம்பது டாலர். வீடு இல்லை என்றாலும் அது திரும்பாது. ஆறு முறை கட்டி ஏமாந்தாள்.

இதற்கிடையில் டுவேனுக்கு ஒரு சிநேகிதி முளைத்தாள். மார்லீன், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முதலில் அவள் பல் பிரஷ் வந்தது, பிறகு துணிப்பெட்டி. அவள் இருந்த இடத்தில் வாடகை ஏறிவிட்டதாம். எதிர்வீட்டுத் திரைச்சீலைகளுக்கு அந்த மாதம் ஓய்வே இல்லை.

பிப்ரவரியில் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. வாடகை இனி மாதம் இருநூறு டாலர் கூடுதல்.

“மூணு பேரு இருக்கோம், மூணாப் பிரிச்சிக்கலாம்” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு, டுவேன் சிகரெட் பிடிக்கப் போனான்.

மார்லீன் தட்டைக் கழுவியபடியே கேட்டாள்: “அக்கா, இந்தக் கொறட்டைய எப்படித் தாங்குனீங்க?”

“பதினாறு வருஷம், காதுல பஞ்சு.”

“தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?”

அந்த ஊரில் படுக்கையறைச் சங்கதியைக்கூடக் கேட்டுவிடலாம், சம்பளத்தைக் கேட்கக் கூடாது. லோர்னா ஒரு நிமிடம் முறைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டாள். “மாசம் ரெண்டாயிரத்து எழுநூறு.”

“எனக்கு ரெண்டாயிரம்.”

ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு அறை வீடு ஒன்று ஆயிரத்து ஐந்நூற்றைம்பதுக்குக் காலியாக இருந்தது. வீட்டுக்காரரின் கடிதத்துப் பின்பக்கத்திலேயே லோர்னா இரண்டு சம்பளத்தையும் கூட்டிக் கணக்குப் போட்டாள். மூன்று மடங்கு தேறி, ஐம்பது டாலர் மிச்சம்.

“அவர்கிட்ட யாரு சொல்றது?” என்றாள் மார்லீன்.

“ஒன் ஆளு, நீயே சொல்லு. நான்தான் கோர்ட்டுலயே சொல்லிட்டேனே.”

மார்ச்சில் இருவரும் ஒரே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோபாவை மட்டும் விட்டுவிட்டார்கள். தனியாக வாடகை கட்ட முடியாத டுவேன் அக்டோபருக்குள் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டான். அவளுக்குச் சொந்த வீடு. மறுவருடம் மார்லீனும் ஒரு லாரி ஓட்டுநரை மணந்து மான்டானா பக்கம் போய்விட்டாள். லோர்னா இன்னும் அக்கரையில்தான் இருக்கிறாள், அந்த இன்னொரு அறைக்கு ஆள் தேடிக்கொண்டு.