கிடங்கு எதுவானாலும்

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் கோபுரம் என்பார்கள், சிலர் ரயில் என்பார்கள். கம்ப்யூட்டரின் எந்தத் தகவல் கிடங்கில் போட்டு வைத்தாலும் ஒரே கூப்பாட்டுக்கு ஓடிவந்து நிற்கும் முகவரியே அந்த உச்சம் என்று, 1988 சித்திரையில் ராமசேஷன் உலகத்துக்கு அறிவித்தான். உலகம் என்பது அப்போது தென்காசியில் வல்லிநாயகம் அண்ணாச்சியின் அரிசி ஆலை அலுவலகம். அறிவித்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

"வந்துரும் அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க."

"எது, கரண்டா, முகவரியா?" என்றார் அண்ணாச்சி இருட்டுக்குள்ளிருந்து.

ராமசேஷனுக்கு உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பம்பாயில் அண்ணனுடைய ஒற்றை அறை வீட்டில், தலை மேஜைக்கு அடியிலும் கால் வாசற்படியிலுமாகப் படுத்து இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவன். 'ஊரோடு வந்துவிட்டேன், இனி போகிறதாயில்லை' என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவன் எழுதும் நிரல் அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டால் கம்ப்யூட்டர் மேலாளர் உத்தியோகம். பிடிக்காவிட்டால் மறுபடியும் மேஜைக்கு அடியில்தான்.

அண்ணாச்சி குடும்பத்தில் கம்ப்யூட்டர் இரண்டு. ஆலைக்கு அவர் ஒன்று வாங்கி, வாடிக்கைக்காரர் முகவரிகளை டிபேஸ் என்கிற அமெரிக்க மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தார். 'அத்தான் வாங்கினால் எனக்குக் கையில்லையா' என்று, குற்றாலத்து லாட்ஜைப் பார்த்துக்கொண்ட மைத்துனர் சங்கரபாண்டி இன்னொன்று வாங்கினார். அதில் யாரோ நாகர்கோவில்காரர் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்த வேறொரு ஏற்பாடு. இதில் இருப்பது அதற்குப் புரியாது. அத்தானும் மச்சினனும் போலவே இரண்டும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

"எங்கிட்ட நாலே வார்த்தைதான் அண்ணாச்சி," என்றான் ராமசேஷன், கரண்ட் வந்தபின். "சேர், எடு, மாத்து, நீக்கு. பின்னாடி இருக்கது டிபேஸா பேசிக்காங்கிறது உங்களுக்குத் தெரியவே வேண்டாம். நாளைக்கே மூணாவதா ஒரு கிடங்கு வந்தாலும் அதுக்குன்னு நாலு துண்டு நிரல் எழுதி மாட்டிவிட்டாப் போதும்."

"சார், காலை ஆட்டாதிய. டேபிளோட சேந்து கம்ப்யூட்டரும் ஆடுது," என்றாள் மெஹர் பானு. ஆலை கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்பவள் அவள்தான்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அண்ணாச்சிக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று பேரோடாவது பேச்சு முறிந்துவிடும். கோயில் மரியாதை, வாய்க்கால் தண்ணீர், பந்தியில் இலை போட்ட வரிசை என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. முறிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "அந்தப் பயல அழிச்சிரும்மா" என்பார். அவளும் அழிப்பாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குக் கல்யாணமானாலும் கருமாதியானாலும் பத்திரிகை போகாது. அந்த வட்டாரத்தில் பேச்சு முறிந்தால் முதலில் வாய் திறக்கிறவன் தோற்றவன். பெயர் எழுதிப் பத்திரிகை அனுப்புவது, காலில் விழுவதற்குச் சமம்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் லாட்ஜின் புதுக்கட்டடத் திறப்பு. இரண்டு கிடங்குகளையும் ராமசேஷனின் நிரல் ஒன்றாகக் கூப்பிட்டு, பத்திரிகை உறைகளில் ஒட்ட முகவரி அச்சடிக்க வேண்டும். அதுதான் பரீட்சை. அவன் பதிவுகள் ஏற்றிய ப்ளாப்பித் தட்டுகளைப் பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டு தென்காசிக்கும் குற்றாலத்துக்குமாக டவுன் பஸ்ஸில் அலைந்தான். பஸ்ஸிலும் கால் ஆடியது. பக்கத்து சீட்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார்.

டிபேஸ் கோப்பை நேராகத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஓர் எழுத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. முதல் இருபது பதிவுகளைப் பார்த்தான், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அமெரிக்காக்காரன் அழகுக்கு விட்ட இடம் போலிருக்கிறது என்று தீர்மானித்து, அதைத் தாண்டிப் படிக்கும்படி எழுதினான். சேர் வேலை செய்தது. எடு வேலை செய்தது. மாற்று வேலை செய்தது. நீக்கைப் பார்க்க நேரமில்லை. திறப்பு விழாவில் யாரையும் நீக்கப் போவதில்லையே.

உறைகள் போயின.

திறப்பன்று காலை முதல் காரிலிருந்து ராயகிரி ஆதித்தன் இறங்கினார். அண்ணாச்சியின் பழைய கூட்டாளி. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. கையில் ரோஜா மாலை.

"நீரா எறங்கி வந்துட்டீரு, அப்புறம் எனக்கு என்ன வீம்பு வேண்டிக்கெடக்கு," என்று மாலையை அண்ணாச்சி கழுத்தில் போட்டார். "பத்திரிகையப் பாத்ததும் என் சம்சாரம் நம்பல. உறை மேல எங்க பேருதானான்னு கண்ணாடியப் போட்டுப் பாத்தா."

அண்ணாச்சியின் கண் ராமசேஷனைத் தேடியது. அடுத்த காரில் கோயில் மரியாதைக்காரர். அதற்கடுத்து வாய்க்கால்காரர், இரண்டு மகன்களோடு. தோற்றுப்போன எதிரியைப் பெருந்தன்மையோடு பார்க்க வந்தவர்களின் முகம் எல்லோருக்கும் ஒரே அச்சு.

"அத்தானுக்கு இம்புட்டுப் பெரிய மனசுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது," என்றார் சங்கரபாண்டி, எல்லோர் காதிலும் விழும்படி.

அண்ணாச்சி மேடையேறி, பகைமை பாராட்டாத பண்பு பற்றிப் பேசினார். கைதட்டல் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இறங்கிவந்து ராமசேஷனின் தோளில் கைபோட்டுச் சிரித்தபடியே தள்ளிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்தினார்.

"சொல்லும்வே."

உறைகள் போவதற்கு முன்பே புரட்டியிருக்க வேண்டிய டிபேஸ் புத்தகத்தை ராமசேஷன் அப்போது புரட்டினான். "பேசிக்ல நீக்குனா பதிவே வெறுமையாயிரும் அண்ணாச்சி. டிபேஸ் அப்படி இல்ல. தலையில ஒரு நட்சத்திரத்தப் போட்டு வச்சுக்கும். அழிச்ச மாதிரி. ஆனா அழியாது. நான் அந்த எடத்தத் தாண்டிப் படிச்சிட்டேன்."

"அப்ப இத்தன வருஷமும் எங்கன இருந்தானுவ?"

"உள்ளதான்."

"என் மெஷினுக்குள்ளயே ஒக்காந்து, என் கரண்டையே தின்னுக்கிட்டு."

"ரயிலுக்கு டிக்கெட் பாக்கட்டுமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி கழுத்து மாலையிலிருந்து ஓர் இதழைக் கிள்ளியபடி யோசித்தார். "உம்மள வெரட்டுனா, எதுக்கு வெரட்டுனான்னு ஊரு கேக்கும். கேட்டா, பத்திரிகை தப்பாப் போயிட்டுன்னு வெளிய வரும். ஆதித்தன் சிரிப்பான். பெரிய மனசும் போச்சு, மரியாதையும் போச்சு. நீரு எங்கயும் போவாதேரும். மேலாளர் நீருதான். பலகை எழுதச் சொல்லுதேன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா அந்த மெஷினு மேல விரல் பட்டுச்சு, ஒடிச்சிருவேன்."

மறுநாளே லாட்ஜ் வாசலுக்குப் பலகை வந்தது. பெரிய எழுத்தில் பெயர், அதன்கீழ் 'கம்ப்யூட்டர் மேலாளர்'. அதன் அடியில் நின்று படம் எடுத்துப் பம்பாய் அண்ணனுக்கு அனுப்பினான் ராமசேஷன். கம்ப்யூட்டருக்கு உறை போட்டுக் கட்டியிருந்தது. அந்தச் சீசன் முழுக்க, அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய்ச் சீசாவும் துண்டும் எடுத்துக் கொடுத்தான்.