பெயருக்குப் பின்னால் பி.ஏ.

செய்யூர் பக்கத்து அந்த ஊரில் தீனதயாளன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். பி.ஏ. வீடு என்றால் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கை காட்டுவார்கள். வாசல் சுவரில் கருங்கல் பலகை, அதில் 'சு. தீனதயாளன், பி.ஏ.' என்று வெட்டியிருக்கும். கல்லில் வெட்டியதை யார் சந்தேகப்படுவார்கள்?

செங்கல்பட்டில் மூன்று வருஷம் காலேஜுக்குப் போனான், அது உண்மை. நாலு பேப்பர் நின்றுபோனது. எழுதிவிடலாம் என்று இருந்தவனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாவிட்டால் அது கல்யாணப் பத்திரிகையா? அப்பா போடச் சொன்னார், அச்சகத்தில் போட்டார்கள், இவன் ப்ரூஃப் பார்த்துக் கொடுத்தான். மாமனார் ஊர்ப் பெயரில் விட்டுப்போன புள்ளியைக்கூடத் திருத்தினான், பி.ஏ.வைத் தொடவில்லை. காலேஜில் படித்தேன் என்றுதானே சொன்னேன், முடித்தேன் என்று எங்கே சொன்னேன் என்று இருபது வருஷமாகத் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது மகள் ஜெயப்பிரியாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுப்பார்கள். படிப்புக் கட்டணத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் சூப்பர்வைசராக இருக்கிறவனுக்கு அது இல்லாமல் கட்டுப்படியாகாது. அவளோ, நமக்கு அது கிடைக்காது, நீதான் பி.ஏ. ஆச்சேப்பா என்று பாதி பெருமையும் பாதி வருத்தமுமாகச் சொல்லிவிட்டு, பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வீட்டில் மூச்சு விடாமல் இ-சேவை மையத்துக்குப் போய்ச் சான்றிதழுக்கு மனுப் போட்டான். சத்தமில்லாமல் வந்துவிடும் என்று நினைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவனுக்கு நினைப்பு அப்படித்தான் ஓடும்.

கிராம நிர்வாக அலுவலர் சாராள் விசாரணைக்கு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். வண்டியை நிறுத்தினார், பலகையைப் பார்த்தார், கையிலிருந்த மனுவைப் பார்த்தார்.

"வீட்ல பட்டதாரி யாரும் இல்லன்னு போட்டிருக்கீங்க. அப்ப இது இன்னா சார்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி கல்யாணி முந்திக்கொண்டாள். புருஷன் ஏதோ வம்பில் மாட்டிக்கொள்கிறானோ என்ற பயம் அவளுக்கு. மனுவில் தப்பாக ஏறியிருக்கும், இவர் பி.ஏ.தான் என்று சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து கல்யாணப் பத்திரிகையையே கொண்டுவந்து நீட்டினாள். மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் இருந்தது. மாமண்டூரிலிருந்து நாலு ஏக்கரோடு வந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று, படித்தவனுக்குத்தான் பெண் என்று அவள் அப்பா பிடிவாதமாக இவனுக்குக் கொடுத்தார். இன்றைக்கும் அதை நாலு பேரிடம் சொல்லுவாள்.

வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கினால் கேஸாகிவிடும் என்றார் சாராள். சலுகைக்காக பி.ஏ. இப்படிப் பண்ணலாமா என்று யாரோ முணுமுணுத்தது இவன் காதில் விழுந்தது. வேடிக்கையைப் பாருங்கள், இருபது வருஷத்தில் முதல் தடவையாக உண்மையை எழுதிக் கொடுத்திருக்கிறான், அதைத்தான் ஊர் பொய் என்கிறது.

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினான். பழைய துணிக்கு அடியில் காலேஜ் மதிப்பெண் பட்டியல் கிடந்தது. கிழித்துப் போட நூறு தடவை எடுத்து நூறு தடவையும் உள்ளேயே வைத்த காகிதம். அதைக் கொண்டுவந்து சாராளிடம் நீட்டினான்.

"இங்கிலீஷ்ல ரெண்டு, வரலாறுல ரெண்டு ஃபெயில். அப்பால எழுதவே இல்லியா சார்?"

"இல்ல மேடம்."

"காலேஜுக்குப் போனவங்கல்லாம் பட்டதாரி இல்ல சார். பட்டம் வாங்கினவங்கதான்."

சாராள் திட்டவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, குறித்துக்கொண்டு கிளம்பினார். கல்யாணி பத்திரிகையை மடித்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம், அப்படி ஒரு அவமானம்.

ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது. பிறகு சீட்டும் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்த ஜெயப்பிரியா, தந்தையின் கல்வித் தகுதி என்ற இடத்தில் நிறுத்தினாள். எழுதத் தெரிந்த நாள் முதலாக அந்த இடத்துக்கு அவள் யாரையும் கேட்டதில்லை. பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் பி.ஏ. என்று போடுவாள்.

"இதுல இன்னாப்பா போடறது?"

பிளஸ் டூ என்று போடச் சொன்னான். அவள் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அது பாஸ்தானேப்பா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இனி அவன் வெறும் வாயால் ஆமாம் என்றால் போதுமா? பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் அந்த டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. எழுந்து போய்ப் பரணிலிருந்து மறுபடியும் அந்தப் பெட்டியை இறக்கினான்.