முத்தாயி கட்டிய பாத்தி

மலாயாவில், மந்தின் ஊருக்குத் தெற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் பால்வெட்டு நின்றது. அரிசியும் நின்றது. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் ஜனங்கள் மரவள்ளியைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். முத்தாயிக்கு வாய்த்த துண்டு நிலமோ லயத்துக்குப் பின்னால், மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம். அவள் நட்டதெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது.

உடம்பு திடமான ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. அவள் புருஷன் முருகையா தப்பியது காலில் இருந்த புண்ணால். புண் எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்ட வேண்டும், மண்வெட்டியைத் தொடவே கூடாது என்று முத்தாயி அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆகவே பள்ளத்தை மேடாக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. மண்ணைக் கொட்டச் சுற்றிலும் கட்டை அடுக்க வேண்டும்; ரப்பர் மரத்தை வெட்டிப் போட்டால் கரையான் விடாது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை சும்மா கிடந்தது. அதில் ஷீட் தொங்கப்போடும் கட்டைகள் வருஷக்கணக்காகப் புகை குடித்துக் கறுத்திருந்தன. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கத்திடம் கேட்டாள். விளைவதில் பாதி தனக்கு என்று பேசிக்கொண்டு அவர் சம்மதித்தார். ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்தாள். மூலைகளில் வெட்டுப்போட்டு ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தி, வெளிப்பக்கம் முளை அடித்து, பிரம்பால் இறுக்கினாள். அடியில் வாழைத்தண்டும் சருகும், மேலே சாணமும் சாம்பலும், அதற்கும் மேல் மேட்டிலிருந்து கூடை கூடையாகச் செம்மண். முழங்கால் உயரத்துக்குப் பாத்தி எழும்பியது. கீரையும் சர்க்கரைவள்ளியும் பிடித்துக்கொண்டன.

லயத்தின் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுச் செல்லம் எல்லோர் காதிலும் விழும்படி முருகையாவிடம் கேட்டாள்: “ஏண்ணே, உங்க வீட்டுல சேலை கட்டுறது நீங்களா, அவளா?” ஆண்கள் சிரித்தார்கள். முருகையா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், உயிர் இருக்கிறதே என்று முத்தாயி சொன்னது அவன் மனசில் இறங்கவில்லை.

நல்ல பெயர் வாங்க நினைத்த கிராணி, ஒரு நாள் ஜப்பான் அதிகாரியைப் பாத்தி பார்க்கக் கூட்டி வந்தார். அதிகாரி பூட்ஸ் காலால் கட்டையை உதைத்துப் பார்த்தான். அசையவில்லை. யார் வேலை இது என்று கேட்டான். லயமே கூடி நின்றது. முத்தாயி வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் குந்தியிருந்த முருகையா எழுந்தான்.

“நான்தாங்க கட்டினேன். கட்டையெல்லாம் நானே தூக்கியாந்தேன்.”

இரண்டு காலையும் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அதிகாரி காலைக் காட்டித் துணியை அவிழ்க்கச் சொன்னான். பார்த்தான். சிரித்துக்கொண்டே முருகையாவின் தோளில் தட்டினான்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. முத்தாயி ஆபீசுக்குக் கிராணியிடம் ஓடினாள்.

“கட்டினது நானுங்கய்யா. ஒங்களுக்கே தெரியும்.”

“அவன் வாயாலயே சொல்லிட்டான். இப்ப நான் போயி அவன் கட்டலேன்னு சொன்னா, ஜப்பான்காரன் அறையில என் கன்னம்தான் பழுக்கும்,” என்றார் கிராணி. “சயாமுக்கு அனுப்புற கணக்குல எனக்கும் ஒரு ஆளு குறையுது.”

லாரியில் ஏறும்போது முருகையா நொண்டினான். அதைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை.

அந்த மாதமே எல்லா லயத்திலும் மேட்டுப்பாத்தி போடச் சொல்லி உத்தரவு வந்தது. கிராணி முத்தாயியைத் தேடி வந்தார்.

“கட்டினவரத்தான் சயாமுக்கு ஏத்திட்டீங்களே. அங்க போய்க் கேளுங்க.”

“நீதான் கட்டினேன்னு தோட்டத்துக்கே தெரியும். வாயாடாம வா. இல்லேன்னா மரவள்ளியும் கிடையாது.”

போனாள். வேறு வழியில்லை. முதலில் செல்லத்தின் வீடு. செல்லம் கட்டையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தலை நிமிராமல் நின்றாள். இழுப்பு நோயாளி என்று சொல்லி இதுவரை தப்பியிருந்த அவள் புருஷன், கூடமாட உதவலாமென்று மண்வெட்டியோடு வந்தான். முத்தாயி அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

“அண்ணன உள்ள போய்ப் படுக்கச் சொல்லு,” என்றாள் செல்லத்திடம். “நல்லா இருமச் சொல்லு. யாரு வந்து கேட்டாலும் வாயத் தெறக்கக் கூடாது.”

பிறகு முளையை மண்ணில் நிறுத்தி அடிக்க ஆரம்பித்தாள்.