தானாக ஓடாத ஃபைல்

தொண்ணூற்றெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை. நாகலூர் எஸ்டேட் ஆபீஸுக்குள் நுழைந்ததுமே மேனேஜர் சுப்பிரமணி சார் என்மேல் பாய்ந்தார். காப்பிப் பழ எடை, காயவைக்கும் களம், கிடங்கு இருப்பு என்று கம்ப்யூட்டரில் நான் எழுதிய மூன்று புரோகிராமும் செத்துக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் திங்கட்கிழமை முதல் நான் வர வேண்டாமாம். அவருடைய அக்கா மகன் சேகர் சேலத்திலிருந்து வேறு புரோகிராம் கொண்டுவந்து போடுவானாம். அந்த சேகர் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்கு வைத்திருந்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

எடைப் புரோகிராமைத் தட்டினேன். தேவையான லைப்ரரியைக் காணோம் என்று ஒரே வரி சொல்லிவிட்டு நின்றது. லைப்ரரி என்பது மூன்றுக்கும் பொதுவான வேலைகளை எழுதி நான் தனியே வைத்திருந்த ஃபைல். டிஸ்க்கில் இடம் குறைவு. அதனால் ஒரே பிரதியை மூன்றும் ஓடும்போது எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். இப்போது அது இருந்த இடமே காலி.

யார் அழித்தது என்று கேட்டேன். சேகர் கொஞ்சமும் கூசவில்லை.

"நான்தானுங்க. நொம்ப எடத்த அடைச்சிட்டிருந்துச்சு. தட்டிப் பாத்தேன், தானா ஓடல. ஓடாத ஃபைல் எதுக்குங்க?"

எனக்கு உச்சி வரை சூடேறியது. நான் எழுதியதற்கெல்லாம் பிரதி வைத்திருந்த ஃப்ளாப்பிகளை அலமாரியிலிருந்து எடுத்து வருவதற்குள் அந்த மேதாவி எங்கிருந்தோ போன வருஷத்து லைப்ரரியைத் தேடிப் போட்டிருந்தான். புரோகிராம் அதைக் கண்டுபிடித்தது. இந்த வருஷம் நான் சேர்த்த வேலை அதில் இல்லாததால் மறுபடியும் பாதியில் நின்றது. புரோகிராமே கோளாறு என்று மாமாவிடம் வத்தி வைத்தான்.

"சார், காய்க்கலைன்னு நெழல் மரத்த வெட்டுனவன எஸ்டேட்டுல வெச்சிருப்பீங்களா?" என்றேன்.

மேனேஜர் ஜன்னல் வழியே, காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தார். சின்னப் பையன், விட்டுவிடு என்றார். மரத்தை வெட்டியிருந்தால் அன்றைக்கே அவனை மலையிறங்கும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருப்பார்.

ஆத்திரத்தோடு உட்கார்ந்தேன். இனி ஒருத்தன் கையும் படக்கூடாது என்று, லைப்ரரியில் இருந்த அத்தனையையும் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றினேன். அதற்கு இடம் போதவில்லை. சேகர் ஏற்றிவைத்திருந்த சீட்டாட்டத்தை அழித்தேன், இடம் கிடைத்தது. சாயங்காலம் மூன்றும் ஓடின.

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இனிமேல் கோளாறு வராதா என்று கேட்டார்.

"இனி அது எதையும் நம்பி நிக்காதுங்க சார். யார் எத அழிச்சாலும் ஓடும்."

"நீ இல்லீன்னாலும் ஓடுமா கண்ணு?"

"ஓடுங்க" என்றேன், பெருமையாக.

"அப்பத் திங்கக்கெழமையிலருந்து சேகரே பாத்துக்குவான். உனக்கும் பஸ்ஸுல அலைச்சல் மிச்சம்."

ஓடாவிட்டாலும் வர வேண்டாம், ஓடினாலும் வர வேண்டாம். என் கையை நானே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். சேகர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிரிண்டர் ஓர் எண்கூடப் பிசகாமல் எடைச் சீட்டை அடித்துக்கொண்டிருந்தது.