செருப்பு கழற்றும் இடம்

அண்ணன் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் தினமும் குளத்துக்கு வந்துவிட்டுப் போகிறார் என்று அண்ணி சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

"இங்க பாருங்க தம்பி," என்று கிழக்குக் கரையின் வெளிப்புற அடிவாரத்தைக் காட்டினாள். வெடித்துக் கிடந்த மண்ணில் இரண்டு பாதம் அளவுக்கு ஈரம். அண்ணன் காலையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரையேறும் அதே இடம்.

"வாத்து நின்னிருக்கும் அண்ணி."

"வாத்துக்கு இவ்ளோ பெரிய காலா?"

சனியன் பிடித்த மீன்களும் அவள் கட்சி. நான் வீட்டுக்குப் பக்கத்தில் என்று வடக்குக் கரையில் நின்று தீவன டப்பாவைத் தட்டினேன். அவை அண்ணன் நின்று தட்டிய கிழக்கே போய், ஆளில்லாத கரையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பயந்துபோய் டப்பாவைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளியே சொல்வேனா?

அந்தக் குளம்தான் எங்கள் உயிர். மழை ஒரு வருடம் எட்டிப் பார்க்காமல், மறு வருடம் மூன்றே நாளில் மொத்தமாகக் கொட்டி, இரண்டு முறையும் நெல் போனது. அண்ணன் பாதி வயலைக் குளமாகத் தோண்டிவிட்டார். ஊரே சிரித்தது, நானும்தான். குளத்தின் மேல் கோழிக்கூண்டு, எச்சம் விழுந்து மீன் வளரும், மீன் கிடந்த தண்ணீர் காய்கறிக்கும் புல்லுக்கும், புல் மாட்டுக்கு. "ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு சோறு போடும்டா" என்பார். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும். இந்த வருடமும் மழை இல்லை. குளம் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

வெயிலில் வற்றுகிறது என்றே நினைத்தேன், மடையன். அளவுக் குச்சி நட்ட பிறகுதான் உறைத்தது. ஒரே நாளில் நான்கு விரல் இறங்கியிருந்தது. வெயில் அவ்வளவு குடிக்காது. கிழக்கே நிலம் பள்ளம். கரை அந்தப் பக்கம் ஒழுகுகிறது. அண்ணி காட்டிய ஈரம் அந்தக் கசிவுதான்.

மண்வெட்டியோடு போனால் அண்ணி குறுக்கே நின்றாள். "அவர் நிக்கற எடத்துலயா வெட்டுவீங்க? மொதல்ல என்னை வெட்டுங்க."

"தண்ணி போச்சுன்னா மீனும் இல்ல, மாடும் இல்ல. அண்ணன் உண்டாக்குனது மொத்தமும் போச்சு. அதப் பாக்கவா அவர் வர்றாரு?" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் விலகிப் போனாள்.

முழங்கை ஆழத்தில் அடுத்தடுத்து இரண்டு நண்டு வளைகள். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. களிமண் அடைத்து மிதித்து இறுக்கினேன். மறுநாள் அந்த இடம் ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தது. குளம் தப்பித்தது.

அண்ணி குனிந்து அந்தக் காய்ந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "வழிய அடைச்சிட்டீங்களே தம்பி," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததும், அவள் வருவதற்கு முன், குளத்தில் பாதங்களை நனைத்துக்கொண்டு போய் அங்கே நின்றேன். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே செருப்பளவு. கேவலமான வேலைதான். அவள் வரும் சத்தம் கேட்டதும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கிவிட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு கொட்டகையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்கு ரெண்டு பேருமா வந்தீங்க?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் ஈரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி ஈரம். கரையேறி அளவுக் குச்சியைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கியிருக்கவில்லை.